கரையான் ஏறாத மண்

அந்த மண்டபத்தில் முந்தின நாள் யாருக்கோ கல்யாணம் நடந்திருந்தது. நாற்காலிகளின் வெள்ளை உறைகளை இன்னும் கழற்றவில்லை. மேடைக்குப் பின்னால் சம்பங்கி மாலை வாடித் தொங்கியது. மணமக்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் நீளமான மேஜை போட்டு, அதன்மேல் ஒரு வரைபடத்தை விரித்திருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் அது சுருண்டுகொண்டே இருந்ததால் நான்கு மூலைகளிலும் நான்கு பொருள்களை வைத்திருந்தார்கள்: ஒரு தண்ணீர் பாட்டில், யாரோ விட்டுப்போன குங்குமச் சிமிழ், மேஜர் அம்மாவின் தொப்பி, எங்கள் தெரு நெசவாளர் முனிரத்தினத்தின் மூக்குக் கண்ணாடிக் கூடு.

மேஜர் அம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர். பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எங்கள் தெரு கூப்பிட்டபடியே நானும் எழுதுகிறேன். சேவூருக்கு மேற்கே, பாறைக்குன்றின் அடியில் இருக்கும் பழைய ராணுவச் சுடுதளத்தைச் சுத்தம் செய்து ஒப்படைக்க வந்திருந்தார். அங்கே ஒரு சுகாதார நிலையமும் விளையாட்டு மைதானமும் வரவேண்டும் என்பது எங்கள் தெருவின் நெடுநாள் விருப்பம். அதற்கான மனுவை எழுதியவன் நான்தான்.

"குண்டு போய்ப் பதியற இந்தப் பெரிய மேட்டைப் பத்தி எங்களுக்கு எல்லாம் தெரியும்," என்று அவர் வரைபடத்தில் விரல் வைத்தார். "இதுக்கு முன்னாடி இன்னொரு மேடு இருந்திருக்கு. அதைச் சமப்படுத்தியாச்சுன்னு எங்க ரெக்கார்டுல ஒரே ஒரு வரி இருக்கு. மண்ணு எங்க போச்சுன்னு இல்ல. உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

மண்டபத்தில் அறுபது பேராவது இருந்திருப்போம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் அந்த மண் எங்கே போனது என்று தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முனிரத்தினம் எழுந்து போய்த் தன் கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டார். வரைபடத்தின் அந்த மூலை சுருண்டது.

என் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. பைக்குள் பழைய டைரி. அந்த மண் எந்தக் கிழமை, எத்தனை வண்டிகளில், யார் யார் வீட்டுக்குப் போனது என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியது என் கை.

நானும் பேசவில்லை.

சிவப்புக் கொடி நாட்கள்

இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு என் டைரிப் பழக்கம் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். வாலிபத்தில் பிடித்த வழக்கம், இன்றுவரை ஒரு நாள் தவறாமல் டைரி எழுதுகிறேன். எங்கள் தெருவில் என்னைத் 'தேதி சார்' என்பார்கள். "தேதிகளைக் குறைத்துக்கொண்டு ஆட்களைப் பற்றி எழுதுங்கள்" என்று ஆசிரியர் சொன்னதால், நாள் நட்சத்திரம் எல்லாம் தெரிந்திருந்தும் அடக்கி எழுதிவருகிறேன். எனக்கு அது சிறிய கஷ்டமில்லை.

சுடுதளத்தை நாங்கள் 'ரேஞ்சு' என்போம். படைவீரர்கள் லாரிகளில் வருவார்கள், சில நாள் கூடாரம் போட்டுத் தங்கிச் சுட்டுப் பழகுவார்கள், போய்விடுவார்கள். சுடும் நாட்களில் குன்றின்மேல் சிவப்புக் கொடி ஏறும். கொடி ஏறினால் அந்தப் பக்கம் யாரும் ஆடு ஓட்ட மாட்டார்கள். பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண்கள் கிழக்குப் பக்கத்து அறைக்கு மாறிக்கொள்வார்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே அந்த வெடிச் சத்தம் தனியாகக் கேட்காது. மதியச் சாப்பாட்டுக்குத் தறி நிற்கும்போதுதான், ஓகோ, இன்றைக்குச் சுடுகிறார்கள் என்று தெரியும்.

கொடி ஏறிய நாட்களை எல்லாம் நான் குறித்துவைத்தேன். எதற்கு என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரியாது.

கொடி இறங்கிய மறுநாள் காலையில் ஆட்கள் மேட்டுக்குப் போய்க் குண்டு பொறுக்குவார்கள். பழைய இரும்புக்காரர் வாங்கிக்கொள்வார். சில வீடுகளில் அதை இரும்புக் கரண்டியில் உருக்கிக் கட்டியாக்கியும் வைத்திருந்தார்கள். அது காரீயம். நம் வீடுகளில் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வேறு உலோகம், அது வெள்ளீயம். இந்த வித்தியாசத்தை அப்போது எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. புத்தகத்தில் படித்திருந்த எனக்கும் அது நம் மேட்டைப் பற்றிய விஷயம் என்று உறைக்கவில்லை.

பதினோரு வண்டி

அந்தக் காலத்தில் எங்கள் பாவடித் தெருவின் பெரிய எதிரி கரையான். பெயருக்கு ஏற்றபடி பட்டுப் பாவுகளை நீட்டிக் காயவைத்து இழை சரிசெய்கிற தெரு அது. வீட்டுக்கு ஒரு தறி, சில வீடுகளில் இரண்டு. எல்லாம் குழித்தறி. தரையில் இடுப்பளவு பள்ளம். அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைப் பள்ளத்துக்குள் விட்டு மிதிகளை மிதித்து நெய்ய வேண்டும். தறியின் மரக்கால்கள் மண்ணிலேயே ஊன்றியிருக்கும். ஒரு கால் உள்ளே அரிபட்டுப்போனால் தறி சாயும். பாவு தளர்ந்தால் சேலையின் கரை கோணும்.

முனிரத்தினம் வீட்டுத் தறி அப்படி ஒரு நாள் சாய்ந்தது. முகூர்த்தச் சேலை முக்கால்வாசி ஏறியிருந்தது. அவர் அன்று மாலை என்னிடம் வந்து, "யோவ், ரேஞ்சு மேட்ட ஒரு நாளாவது உத்துப் பாத்துக்கிறியா?" என்றார்.

"எதுக்கு?"

"அது மேல ஒரு புத்து கெடயாது. சுத்தி அத்தினி பனமரத்துலயும் கரையான் ஏறிகினு கீது. மேட்ல மட்டும் ஒண்ணு கெடயாது."

போய்ப் பார்த்தோம். உண்மைதான். மண்ணும் மாவு போல இருந்தது, ஒரு கல் இல்லை. குண்டு கல்லில் பட்டால் திசை மாறித் திரும்பிப் பாயும் என்பதற்காகவே கல் பொறுக்கிச் சலித்த மண்ணில்தான் அந்த மேடுகளைக் கட்டுவார்கள் என்று பிறகு படித்தேன். தறிக்குழியின் சுவரில் பூச அதைவிட நல்ல மண் எங்கே கிடைக்கும்?

நல்ல நேரமோ கெட்ட நேரமோ, ராணுவம் அந்த மேட்டைக் கைவிட்டு, குன்றுக்கு இன்னும் நெருக்கமாகப் புதிய மேடு ஒன்றைக் கட்டியிருந்தது. பழைய மேட்டு மண்ணை ஊர் உபயோகத்துக்குக் கொடுக்கும்படி நான் ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதினேன். மூன்று முறை அடித்து எழுதிய மனு. 'உபரி மண்' என்பதற்குச் சரியான சொல் கிடைக்க அகராதியைப் புரட்டியது நினைவிருக்கிறது. அனுமதி வந்தது.

பதினோரு மாட்டு வண்டிகள். நானே தலையில் துண்டு கட்டிக்கொண்டு எண்ணினேன். தெருவின் மேற்கு வரிசையில் எல்லாத் தறிக்குழிகளும் அந்த மண்ணால் திருத்தப்பட்டன. மிச்சத்தைத் தெருவில் கொட்டி, பாவு நீட்ட ஏதுவாகச் சமன்செய்தார்கள். தறி இல்லாத என் வீட்டின் பின்கட்டிலும் அரை வண்டி கொட்டினேன். அன்றைய டைரியில் கடைசி வரி இது: "மிகச் சிறந்த மண். ஊருக்கு ஒரு நல்ல காரியம் செய்தோம்."

அதற்குப் பிறகு மேற்கு வரிசையில் கரையான் ஏறவே இல்லை. முதல் சில வருடங்கள் சம்பந்தம் பேச வருகிறவர்களிடம்கூட, "எங்க தறிக்குக் கரையான் ஏறாதுங்க, ரேஞ்சு மண்ணு" என்று பெருமை பேசுவோம்.

ஒரு விலகல்

ஆரணிக் கோட்டைக்காக நடந்த சண்டைகளைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். நவாபு படை, கம்பெனிப் படை, மைசூர்ப் படை என்று இந்த வயல்களில் மாறி மாறி மோதியிருக்கிறார்கள். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் சண்டை தொடங்கிய நாள் இருக்கும், முடிந்த நாள் இருக்கும். யார் எத்தனை பீரங்கி கொண்டுவந்தார் என்பதும் இருக்கும்.

படைகள் போன பிறகு அந்த வயலை யார் சுத்தம் செய்தார்கள், மறுபடி எப்போது நாற்று நட்டார்கள் என்று நானும் பல வருடங்களாகத் தேடுகிறேன். ஒரு புத்தகத்திலும் அந்தத் தேதி இல்லை. குண்டு பொறுக்கியவர்களும் பள்ளத்தை மூடியவர்களும் டைரி எழுதவில்லை போலிருக்கிறது.

இதை ஒரு குறையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லிவந்தவன்தான் அன்று மண்டபத்தில் டைரியை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன்.

வாசலில் பிடித்துக்கொண்டார்

கூட்டம் கலைந்ததும் முனிரத்தினம் என்னை மண்டப வாசலில் நிறுத்தினார்.

"பையில இன்னா?"

"டைரி."

"தெரியும். அத்த எடுத்துகினு வூட்டுக்குப் போ. பெட்டியில போட்டுப் பூட்டு."

"முனிரத்தினம், அது காரீயம் கலந்த மண்ணு. அந்த அம்மா சொன்னதைக் கேட்டீங்களா? குழந்தைகளுக்குப் புத்தி மந்தமாகும்னு..."

"ஈயச் சொம்புல ரசம் குடிச்சு வளந்தவன்யா நானு. எனக்கு இன்னா மந்தமாச்சு?"

"அது வேற ஈயம்."

"உனக்கு எல்லாமே வேற." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "தை முகூர்த்தம் தலமேல நிக்குது. மேற்கு வரிசையில ஒரு தறி பாக்கியில்லாம பாவு ஏறிக்கீது. கடப்பாரைய எடுத்துகினு மிலிட்டிரிக்காரன் குழியத் தோண்ட வந்தான்னா இன்னா ஆவும்? வேலை மொத்தமும் பவர்லூமுக்குப் போவும். ஒரு தபா போனா திரும்பி வராது. இத்தினி பேஜாரும் எதுக்கு? நீ மனு எழுதினதுக்கா?"

கடைசிக் கேள்வி சரியான இடத்தில் பட்டது. இரண்டு மனுக்களும் என் கையெழுத்து. மண்ணைக் கொண்டுவரச் சொன்னதும் நான், அந்த இடத்தைச் சுத்தம் செய்து கொடுங்கள் என்று கேட்டதும் நான்.

அவரைக் கெட்டவர் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்கிற மனிதர். பயந்திருந்தார். எனக்கும் பயம்தான். அவருடைய பயம் தறியைப் பற்றியது. என்னுடையது, நாற்பது வருடம் நல்ல பெயரோடு இருந்த ஒரு காரியம் தலைகீழாகிவிடுமே என்பது. இரண்டில் எது பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

குழிக்குள் இருந்த கால்

மூன்று நாள் நான் எங்கும் போகவில்லை. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு முனிரத்தினம் வீட்டுக்குப் போனேன். அவர் பட்டு வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். தறியில் அவருடைய மருமகள் கவிதா உட்கார்ந்திருந்தாள்.

கவிதா தேவிகாபுரத்துப் பெண். அவள் புருஷன் செய்யாற்றில் கம்பெனி வேலைக்குப் போகிறான். கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு ஊடை இழை ஓட்டும் நாடா எது, மிதி எது என்று தெரியாது. இரண்டே வருடத்தில் மாமனாருக்குச் சமமாக நெய்யக் கற்றுக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணையை முட்டுக்கொடுத்து நெய்துகொண்டிருந்தாள்.

"வாங்க பெரியப்பா. மாமா வர்ற நேரந்தான். உக்காருங்க."

நான் உட்காரவில்லை. குழிக்குள் பார்த்தேன். வெறுங்கால்கள் மிதிகளில் ஏறி இறங்கின. ஒவ்வொரு மிதிக்கும் குழியின் பக்கச் சுவரிலிருந்து மெல்லிய தூசு உதிர்ந்தது. ஜன்னல் வெயிலில் அது தெளிவாகத் தெரிந்தது. கணுக்கால் வரை மாவு பூசினாற்போல் இருந்தது. அருகில் ஒரு தட்டில் பாதி தின்ற கொய்யாப்பழம்.

"கையைக் கழுவிட்டுச் சாப்பிடும்மா," என்றேன்.

அவள் தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இதச் சொல்லவா வந்தீங்க?"

டைரியை எடுத்தேன். அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். பதினோரு வண்டி, வீட்டு வரிசை, முனிரத்தினம் வீட்டுக் குழிக்கு ஒன்றரை வண்டி. கடைசி வரியையும் படித்தேன். அதை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விடவில்லை.

அவள் காலைக் குழியிலிருந்து வெளியே எடுத்தாள். புடவையால் துடைக்கப் போனவள் கையை நிறுத்திக்கொண்டாள்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மண்டபத்துல அந்த மேஜர் அம்மா கேட்டப்ப எல்லாருக்குமே தெரியுமா?"

"வயசானவங்களுக்குத் தெரியும்."

"நானும்தான் அங்க பொம்பளைங்க பக்கத்துல உக்காந்துகினு இருந்தேன்," என்றாள். "ஒருத்தரும் பேசல. சரி, மண்ணு ஏதோ ஏரியில போயிருக்கும்னு நெனச்சேன்."

அவள் கத்தவில்லை, அழவில்லை. எழுந்து போய்க் குழாயடியில் காலையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு சமையலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரையும் கரண்டியையும் கொண்டுவந்தாள். கவரைக் கையுறை போல மாட்டிக்கொண்டு குழிச் சுவரைச் சுரண்டி மண்ணை ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டாள். குனியக் கஷ்டப்பட்டாள். நான் செய்கிறேன் என்றதற்கு, "நீங்க போதும் பெரியப்பா" என்று சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை நான் தீர்மானிக்கவில்லை.

பாட்டிலை மூடிக்கொண்டிருந்தபோது முனிரத்தினம் உள்ளே வந்தார். தறி நிற்பதையும் டைரியையும் பாட்டிலையும் வரிசையாகப் பார்த்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"மாமா," என்றாள் கவிதா, "ரேஞ்சு கிட்ட கூடாரம் போட்டுக்கிறாங்களே, அங்க போவணும். வண்டி எடுக்கறீங்களா, இல்ல நான் ஆட்டோ கூப்பிடட்டா?"

அவர் பட்டுப் பொட்டலத்தைத் தறிமேல் வைத்தார். வெகுநேரம் அதைத் திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டோ வேணாம். ரோடு குண்டும் குழியுமாக் கீது, தூக்கித் தூக்கிப் போடும்," என்றார். "நான் மெதுவா ஓட்டறேன்."

படிவத்தில் ஒரு கட்டம்

அவர்கள் பின்னாலேயே நானும் போனேன். கூடாரத்தில் மண் மாதிரிக்கு ஒரு படிவம் வைத்திருந்தார்கள். மேஜர் அம்மா தானே பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊறுகாய் பாட்டிலைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதை நான் மரியாதையாகக் குறித்துக்கொண்டேன்.

"எடுத்த இடம்?"

"எங்க வூட்டுத் தறிக்குழி," என்றாள் கவிதா.

"இந்த மண் அங்க எப்ப வந்தது?"

நான் தேதியைச் சொன்னேன், கிழமையோடு. மேஜர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். டைரியை நீட்டினேன். மெதுவாகப் படித்தார். கொடி நாட்களின் பட்டியலைக் காட்டியபோது அவர் முகம் மாறியது. எந்த மேட்டில் எத்தனை காலம் சுட்டார்கள் என்று அவர்களிடமே முழுக் கணக்கு இல்லையாம்.

அடுத்த கட்டம்: கொண்டுவந்தவர். என் பெயரைச் சொன்னேன்.

"என் பேரையும் போடுங்கம்மா," என்றார் பின்னால் நின்ற முனிரத்தினம். "இவரு எழுதத்தான் செஞ்சாரு. மேட்டக் காட்டினவன் நானு."

"ரெண்டு பேர் எழுத இடம் இல்லையே," என்றார் மேஜர் அம்மா.

"ஓரமா எழுதுங்க. சேலையில இடம் இல்லன்னாலும் கரையில பேரு போடறவங்கதான் நாங்க."

எந்த வரிசையில்

மண் பரிசோதனை முடிவு வந்தது. நாங்கள் பயந்தபடிதான் இருந்தது. மேற்கு வரிசை முழுவதும் மண்ணை மாற்ற வேண்டும், தெருவின் மேல்மண்ணையும் சேர்த்து. மறுபடி அதே மண்டபத்தில் கூடினோம். இம்முறை யாரும் வாயை மூடவில்லை; மூடச் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. என்னையும் திட்டினார்கள். திட்டியதில் நியாயம் இருந்தது, அதனால் கேட்டுக்கொண்டேன்.

மேஜர் அம்மா கதவு எண் வரிசையில் ஒரு அட்டவணை போட்டு வந்திருந்தார். கவிதா எழுந்தாள்.

"நம்பர் வரிசை வேணாங்க மேடம். மொதல்ல வயித்துப் பிள்ளக்காரிங்க வூடு. அப்பறம் தவழுற கொழந்த இருக்கற வூடு. அப்பறம் மத்தவங்க. தறியில பாதி சேலை நிக்கிறவங்க அத்த முடிக்கட்டும். அதுவரைக்கும் குழியில ஈரச் சாக்கு விரிச்சு, செருப்பு போட்டுகினு நெய்யட்டும். முடிச்சதும் குழியத் தொறந்து குடுக்கட்டும். ஒரே நேரத்துல எல்லாத் தறியும் நிக்க வேணாம். கெழக்கு வரிசைக்காரங்க தறிய மாத்தி மாத்தி ஓட்டக் குடுத்தாங்கன்னா தை மாசம் தப்பிச்சுக்கும்."

கிழக்கு வரிசைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினோரு வண்டியில் தங்களுக்கு ஒரு கூடைகூடக் கிடைக்கவில்லை என்று அந்த நாளிலிருந்து மனத்தாங்கலோடு இருந்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒரு கிழவர் எழுந்து, "நாப்பது வருசமா எங்க தறிய மட்டும் கரையான் தின்னுது. இன்னிக்கு அதுவே புண்ணியமாப் போச்சு. குடுக்கறோம், ஓட்டிக்கோங்க," என்றார். மண்டபமே சிரித்தது. முனிரத்தினமும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

இன்னொரு சிக்கலை யாருமே எதிர்பார்க்கவில்லை. தறி வீட்டுக்குள் செருப்போடு நுழையக் கூடாது. எங்கள் வழக்கம் அது. இப்போது நெய்கிறவர்கள் போட்டுக்கொண்டதுகூட குழிக்காக வாங்கிய புதுச் செருப்பு. வீரர்களோ பூட்ஸ் இல்லாமல் அந்த மண்ணில் இறங்கக் கூடாது. அவர்களுடைய விதி அது. முதல் வீட்டு வாசலில் முகமூடி போட்ட நான்கு வீரர்கள் ஒரு பக்கமும், கையில் கற்பூரத் தட்டோடு பெண்கள் ஒரு பக்கமுமாக அரைமணி நேரம் நின்றார்கள்.

தீர்வு மண்டபத்திலிருந்து வந்தது. நாற்காலிகளின் பழைய வெள்ளை உறைகளை மண்டபக்காரர் கொடுத்தார். தெருவில் தையல் மிஷின் வைத்திருந்தவர்கள் அவற்றை வெட்டிப் பூட்ஸுக்கு மேல் போடும் பைகளாகத் தைத்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு ஜோடி. வேலை முடிந்ததும் மண்ணோடு மூட்டையில் போட்டுவிட வேண்டும். வெள்ளைப் பை மாட்டிய கால்களோடு வீரர்கள் உள்ளே போன காட்சியைப் பார்த்து, "மாப்பிள்ள அழைப்பு மாதிரிக் கீது" என்றார் யாரோ.

மண்ணை நனைத்து நனைத்துத் தோண்டினார்கள். தூசு எழக்கூடாது. தறியைத் தூக்கி நகர்த்தும்போது மட்டும் அவர்களைத் தொட விடவில்லை. அதை எங்கள் ஆட்களே செய்தார்கள். மூட்டைகள் ரேஞ்சுக்கே திரும்பிப் போயின. அங்கே பெரிய மேட்டு மண்ணோடு சேர்த்து முறைப்படி கட்டி எடுத்துப் போனார்கள். நான் மறுபடியும் தலையில் துண்டு கட்டிக்கொண்டு தெருமுனையில் நின்று எண்ணினேன். போன முறை மாட்டு வண்டி, இந்த முறை லாரி. என் பின்கட்டைக் கடைசி வீடாக எழுதச் சொல்லியிருந்தேன்.

புதிய மண் படவேட்டுப் பக்கத்தில் ஒரு விவசாயியின் மேட்டு நிலத்திலிருந்து டிராக்டரில் வந்தது. மேஜர் அம்மா அதையும் பரிசோதித்த பிறகே இறக்கவிட்டார். அதில் கல் இருந்தது, வேர் இருந்தது. பெண்கள் உட்கார்ந்து சலித்தார்கள்.

கவிதாவுக்கு வேலூரில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். காரீயம் இருக்கலாம் என்கிற அளவைவிட அதிகம்தான். இத்தோடு நிறுத்தியது நல்லது, இனிக் குறையும் என்றார் மருத்துவர். மாசி மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு அவ்வப்போது பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை முனிரத்தினம் என் வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பார். இதுவரை நல்ல முடிவாகவே வந்திருக்கிறது. இனியும் அப்படியே வரும் என்று எழுத எனக்கு உரிமையில்லை.

டைரியோடு வாங்க

போன மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு காலை. கவிதா போன் செய்தாள்.

"பெரியப்பா, ஜல்தியா வரீங்களா? டைரிய எடுத்துகினு வாங்க."

குழந்தையின் சோதனை முடிவு வரும் வாரம் அது. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனேன்.

குழந்தை கவிதாவின் இடுப்பில் இருந்தது, பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டு. முனிரத்தினம் தறியின் பின்காலுக்கு முன்னால் குந்தியிருந்தார். பக்கத்தில் பூச்சி மருந்து டப்பா, மூடி திறக்காமல்.

அவர் விரல் காட்டிய இடத்தில் பார்த்தேன். மரக்காலில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மெல்லிய மண்கோடு ஒன்று ஏறியிருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை. அதன் நுனியில் மிகச் சிறிய வெள்ளைத் தலை ஒன்று வெளியே எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.

"நாப்பது வருசம்," என்றார் முனிரத்தினம். "இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலியே."

பழைய மண்ணில் கரையான் ஏறாததற்குக் காரீயம்தான் காரணமா என்று நான் ஒரு முறை மேஜர் அம்மாவிடம் கேட்டிருந்தேன். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதை இவர்களிடமும் சொல்லியிருந்தேன். இப்போது மறுபடி சொல்லத் தோன்றவில்லை.

கவிதா குனிந்து குழந்தைக்கு அந்தக் கோட்டைக் காட்டினாள். குழந்தை பிஸ்கட்டை அதற்கு நீட்டியது.

"மருந்து அடிக்கப்போறீங்களா மாமா?"

"அடிக்காம? மரம் போயிடுமே. நல்ல பலா மரம்." அவர் டப்பாவைக் கையில் எடுத்தார். மூடியைப் பார்த்தார். மறுபடி தரையில் வைத்தார்.

"நாளைக்கு அடிக்கலாம்," என்றார். "இன்னிக்கு ஒரு நாள் ஏறட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னாய்யா பாத்துகினு நிக்கிற? தேதி போட்டு எழுது."

எழுதினேன்.